தோளின் வேலை என்ன? – கோல்ஃப் வீச்சின் வரலாற்றிலிருந்து

'தோள்' என்னும் சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் இரண்டு பொருள்களைத் தருகின்றன. ஒன்று, கழுத்துக்குக் கீழே கை உடலோடு சேரும் இடம். மற்றொன்று, கை. நம் பழம்பாடல்களில் வரும் தோள் பல இடங்களில் மேற்கையையே குறிக்கிறது. தோள்வளை அணியப்படுவது அங்கேதான். வீரனின் ஆற்றலைப் பாட வந்த புலவர் மலையை உவமையாகக் கொண்டு வந்து நிறுத்துவதும் தோளின் முன்னால்தான். ஆக, நம் மொழிமனத்தில் தோள் என்பது வெறும் உறுப்பன்று. வலிமை கண்ணுக்குத் தெரியும் இடம்.

இந்த நினைப்போடு கோல்ஃப் ஆட்டத்தை முதன்முறையாகப் பார்ப்பவர் சற்றே குழம்பிப் போவார். நம்மில் பலருக்கு அந்த ஆட்டத்தோடு உள்ள உறவு, உதகையிலோ கோடைக்கானலிலோ பேருந்துச் சன்னல் வழியே கண்ட பச்சைச் சரிவும், அதன் நடுவே குனிந்து நிற்கும் ஓர் உருவமும் என்ற அளவில் முடிந்துவிடும். செல்வர்களின் பொழுதுபோக்கு என்று நாம் அதை ஒதுக்கிவிடுவதும் இயல்பே. ஆனால் சில நிமிடங்கள் நின்று பார்த்தால் ஒரு புதிர் புலப்படும். ஒடிசலான ஒருவர் சோம்பலாகச் சுழற்றுவது போல் தோன்றும். பந்து 250 கெஜம் தாண்டிப் போய் விழும். அவருக்கு அடுத்து வரும் அகன்ற தோளர் முழு மூச்சோடு ஓங்கி அடிப்பார். பந்து பக்கவாட்டில் சிதறி ஓடும். பந்தோ 46 கிராம் எடைகூட இல்லாதது. அசையாமல் கிடப்பது. எதிராளி யாரும் அதை எறிவதில்லை. அப்படியிருந்தும் தோளின் வலிமை ஏன் அதனிடம் செல்லுபடியாவதில்லை?

இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடப்பட்டு வந்திருக்கிறது. கருவி செய்தவர்களும், ஆடியவர்களும், மருத்துவர்களும், இயற்பியலாளர்களும் அத்தேடலில் பங்கு கொண்டார்கள். அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

கோல்ஃபின் முதல் எழுத்துச் சான்று ஒரு தடையாணை. 1457இல் ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம், மக்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுக் கால்பந்திலும் கோல்ஃபிலும் காலத்தைக் கழிக்கிறார்கள் என்று அவ்விரண்டையும் தடை செய்தது. வில்லை வளைப்பது தோளின் வேலை. படைக்குத் தேவைப்பட்ட தோள்கள் கடற்கரைப் புல்வெளியில் வீணாகின்றன என்று மன்னர் அவை வருந்தியது எனலாம்.

பின்வந்த நூற்றாண்டுகளில் ஆடப்பட்ட பந்து, தோலுறைக்குள் வாத்து இறகுகளைத் திணித்துத் தைத்தது. ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு வேண்டும் என்பது மரபு. தேர்ந்த கைவினைஞர் ஒருவர் நாளொன்றுக்கு நான்கு பந்துகளுக்கு மேல் செய்வது அரிது. தவறிப்போய் ஓங்கி வெட்டினால் தையல் பிரிந்து இறகு பறக்கும். இத்தகைய பந்தை நீளமான மெல்லிய மரக்கோலால் கீழிருந்து வாரிச் செல்வது போல் அடித்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பகுதியில் உருவான வீச்சில் கோல் உடலைச் சுற்றித் தாழ்வாகச் சுழலும். ஆடுபவரின் உடல் முழுவதும் அதோடு திரும்பும். இடது குதிகால் தரையை விட்டு எழும். அக்காலத்தவர் பொத்தானிட்ட கனத்த கோட்டுகளை அணிந்தபடியே ஆடினர் என்பதைப் பழைய புகைப்படங்களில் காணலாம். அந்தக் கோட்டுக்குள் கையைத் தனியே உயர்த்துவது எளிதன்று. உடலோடு சேர்ந்து திரும்புவதே வழி.

1840களின் இறுதியில் இறகுப் பந்தின் இடத்திற்கு கட்டபெர்ச்சா பந்து வந்தது. இது மலாய்க் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட அதே பொருள்தான் பந்துமாயிற்று. விலை மலிந்தது, ஆட்டம் பரவியது. ஆனால் பந்து கல் போன்றது. அடிக்கும்போது அதிர்ச்சி கோலின் வழியே கைக்கு ஏறும். கோலின் தலைகள் தடித்தன. தண்டுக்கு அமெரிக்காவின் ஹிக்கரி மரம் வந்து சேர்ந்தது.

ஹிக்கரிக்கு ஒரு குணம் உண்டு. அது வளைவதோடு நில்லாமல் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். தோளின் பலத்தை வெடுக்கென்று செலுத்தினால் தண்டு முறுகி, கோலின் முகம் திசை தப்பிவிடும். மெல்லத் தொடங்கி மெல்ல வேகம் கூட்டுபவருக்கே அது பணியும். ஆத்திரக்காரனுக்குப் பந்து வசப்படாது என்ற பாடத்தை ஆசிரியருக்கு முன்னால் மரமே கற்பித்துவிட்டது.

அந்த மரத்தை நன்கறிந்தவர் ஹாரி வார்டன். ஜெர்சித் தீவில் தோட்டக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை 1896 தொடங்கி 1914 வரை ஆறு முறை வென்றார். அந்த எண்ணிக்கையை இதுவரை எவரும் எட்டவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸின் தாழ்ந்த சுழற்சியை விட்டு, கோலைச் சற்று நிமிர்த்தி உயரே கொண்டுசென்றவர் அவர். அவரது வீச்சைக் காட்டும் படங்களில் இரண்டு செய்திகள் கண்ணில் படும். உச்சியில் இடது முழங்கை சற்றே மடங்கியிருக்கிறது. தோள்கள் எவ்வித இறுக்கமுமின்றி இலக்குக்கு முதுகு காட்டும் அளவுக்குத் திரும்பியிருக்கின்றன. வலிமை அங்கே தெரிவதில்லை. தெரிவதெல்லாம் இசைவு.

*

தோளைப் பற்றிய உண்மையான விவாதம் ஒரு போர்க்களத்தில் தொடங்கியது.

எர்னஸ்ட் ஜோன்ஸ் இங்கிலாந்தைச் சேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர். முதல் உலகப் போரில் பிரான்சில் போரிட்டபோது, 1916 மார்ச்சில், குண்டுவெடிப்பில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். வலக்கை ஆட்டக்காரருக்குக் கீழ்வீச்சின் உந்துதல் வலது காலிலிருந்துதான் தொடங்குகிறது என்பது பொது நம்பிக்கை. அப்படியானால் அவர் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சில மாதங்களில் ஊன்றுகோல்களோடு மைதானத்துக்குத் திரும்பினார். ஒற்றைக் காலில் நின்று 18 குழிகளை 83 அடிகளில் முடித்தார். இரண்டு கால்களும் உடைய பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் முயன்றும் எட்டாத எண் இது.

தாம் செய்தது எப்படி நடந்தது என்று ஜோன்ஸ் தம்மையே கேட்டுக்கொண்டார். கால் இல்லை, ஆகவே கால் காரணமன்று. உடலின் சமநிலை முழுவதும் மாறிவிட்டது. ஆகவே இடுப்பும் தோளும் முன்பு செய்ததையே செய்திருக்க முடியாது. மாறாமல் இருந்தது ஒன்றே. கோலின் தலையை வீச வேண்டும் என்ற எண்ணமும் அதை உணரும் விரல்களும். தோள், இடுப்பு, கால் யாவும் பின்தொடர்பவை. அவற்றைத் தலைமையேற்க விட்டால் கெடுதல் என்ற முடிவுக்கு வந்தார். கைக்குட்டையின் ஒரு முனையில் பேனாக்கத்தியைக் கட்டித் தொங்கவிட்டு, மறுமுனையைப் பிடித்து ஊசல்போல் வீசிக் காட்டுவது அவர் கற்பித்த முறை. தோளால் வெடுக்கென்று இழுத்தால் கைக்குட்டை தொய்ந்து கத்தி தடுமாறும். இசைவாக வீசினால் துணி விறைத்து நிற்கும். இதைவிட எளிய ஆய்வுக்கருவி இருக்க முடியாது.

1920களில் அமெரிக்கா சென்ற ஜோன்ஸ், பின்னாளில் நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில் ஒரு கட்டடத்துக்குள் பாடம் நடத்தினார். அங்கே பந்து போய் விழ இடமில்லை. வீச்சு சரியென்றால் பந்து எங்கே போகும் என்று பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் துணிவு. அவர் மாணவியரில் ஒருவரான வர்ஜீனியா வான் வீ, அமெரிக்க மகளிர் அமெச்சூர் பட்டத்தை 1932, 1933, 1934 என மூன்றாண்டுகள் தொடர்ந்து வென்றார்.

*

இதற்கிடையில் கருவி மீண்டும் மாறியது. எஃகுத் தண்டுக்கு அமெரிக்கச் சங்கம் 1924இலும், செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆளுமைக் கழகம் 1929இலும் இசைவு தந்தன. 1930இல் பாபி ஜோன்ஸ் ஓராண்டில் நான்கு பெரும் பட்டங்களை வென்று ஓய்வு பெற்றபோது அவர் கையில் இருந்தது ஹிக்கரி. அத்தோடு ஒரு யுகம் முடிந்தது. மறு ஆண்டே அமெரிக்க ஓப்பன் எஃகுத் தண்டு பிடித்தவர் கைக்குப் போயிற்று.

எஃகு முறுகுவதில்லை. ஓங்கி அடித்தாலும் முகம் திரும்புவதில்லை. ஆகவே பெருந்தசைகளின் பலத்தை அச்சமின்றிச் செலுத்தலாம் என்ற நிலை முதன்முறையாக உண்டாயிற்று. இதை முன்னுணர்ந்தவர் டெக்சாஸ்காரரான பைரன் நெல்சன். மணிக்கட்டை உருட்டும் ஹிக்கரிக் காலப் பழக்கத்தைக் கைவிட்டு, கால்களும் இடுப்பும் முன்னே செல்ல, தோள்கள் பின்னே சுழல, கோலின் முகத்தை நேராகவே வைத்திருந்தார். 1945இல் தொடர்ந்து 11 போட்டிகளில் வென்றார். பின்னர் கோல்களைச் சோதிக்க ஓர் இயந்திரம் செய்தபோது அதற்கு 'அயர்ன் பைரன்' என்று அவர் பெயரையே சூட்டினார்கள்.

நெல்சனின் சிறுவயதுத் தோழர் பென் ஹோகன். இருவரும் 1912இல் பிறந்தவர்கள். ஃபோர்ட் வொர்த் நகரின் ஒரே கழகத்தில் பிறருடைய கோல்பைகளைச் சுமந்த சிறுவர்கள். ஹோகன் குள்ளமானவர், மெலிந்தவர். தோளின் அளவால் தூரம் கிடைக்கும் என்றால் அவருக்குக் கிடைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் தனியே பயிற்சி செய்து தம் வீச்சைத் தாமே கட்டினார்.

1949 பிப்ரவரி 2 அன்று, பனிமூட்டம் சூழ்ந்த டெக்சாஸ் சாலையில், எதிரே வந்த பேருந்து அவருடைய காரின் மீது மோதியது. மனைவியைக் காக்க அவர் குறுக்கே பாய்ந்தார். அவர் அமர்ந்திருந்த இடத்தில் திசைமாற்றித் தண்டு பாய்ந்து நுழைந்ததால், அந்தப் பாய்ச்சலே அவரையும் காத்தது. இடுப்பெலும்பு, காறை எலும்பு, கணுக்கால், விலா என எலும்புகள் முறிந்தன. கால் நரம்புகளில் இரத்தக்கட்டிகள் தோன்றின. நடப்பாரா என்பதே ஐயமாயிற்று. பதினாறு மாதங்கள் கழித்து, 1950 ஜூனில், கால்களில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு மெரியன் மைதானத்தில் ஒரே நாளில் 36 குழிகள் ஆடினார். மறுநாள் நடந்த சமன்முறிப்பு ஆட்டத்தில் அமெரிக்க ஓப்பனை வென்றார். 1953இல் மூன்று பெரும் பட்டங்கள் அவருடையவை ஆயின.

1957இல் ஹெர்பர்ட் வாரன் விண்டுடன் சேர்ந்து ஹோகன் எழுதிய 'ஐந்து பாடங்கள்' நூல் வெளிவந்தது. ஆந்தனி ரவியெல்லியின் ஓவியங்கள் அதன் பெருமைக்குப் பாதிக் காரணம். ஒரு படத்தில் பந்திலிருந்து சரிந்தெழும் கண்ணாடிப் பலகை ஆட்டக்காரரின் தோள்கள்மேல் சாய்ந்திருக்கும். நடுவே அவர் தலை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். கை அந்தக் கண்ணாடியை உடைக்காமல் மேலே செல்ல வேண்டும். பின்வீச்சில் முதலில் கை, பிறகு தோள், கடைசியாக இடுப்பு. இடது தோள் மோவாயின் கீழ் வந்து சேரும் வரை திரும்ப வேண்டும். கீழ்வீச்சில் வரிசை தலைகீழ்: இடுப்பு முந்த வேண்டும், தோள் பின்தொடர வேண்டும்.

இங்கே நாம் சற்று நிற்கலாம். காலை இழந்த ஜோன்ஸ், உடலை மறந்துவிடு, கோலின் தலையை உணர் என்கிறார். உடல் நொறுங்கிப் பிழைத்த ஹோகன், உடலின் வரிசையை ஒழுங்கு செய், கோலின் தலை தானே வரும் என்கிறார். இருவரும் வெறும் ஏட்டறிவாளர் அல்லர். இருவரும் தம் உடலைத் திரும்பக் கற்றுக்கொண்டவர்கள். இருவரும் சொன்னது உண்மையாகத் தாம் உணர்ந்ததை. எனினும் இரண்டும் எதிரெதிரானவை. யாரை நம்புவது?

*

விடை ஆடுகளத்துக்கு வெளியிலிருந்து வந்தது. பிரிட்டனின் கோல்ஃப் சங்கமொன்றின் ஆதரவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 1968இல் அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் 'நிறைவான வீச்சைத் தேடி' எனப் பொருள்படும் நூலை வெளியிட்டனர். வீச்சை அவர்கள் இரட்டை ஊசலாகக் கண்டார்கள். மேல் ஊசல் கைகள். கீழ் ஊசல் கோல். இரண்டையும் இணைக்கும் கீல் மணிக்கட்டு. மேல் ஊசல் சுழலும் மையம் இரு தோள்களுக்கும் நடுவே, மார்பின் மேற்பகுதியில் இருக்கிறது. பந்தைத் தொலைவுக்கு அனுப்பத் தேவையான ஆற்றலைக் கைத்தசைகள் மட்டும் தர இயலாது என்பதையும் அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். அது கால்களிலும் உடலின் நடுப்பகுதியிலும் பிறந்து, தோள்வழியே கைக்கும் கோலுக்கும் கடத்தப்படுகிறது. கீழ்வீச்சு முழுவதும் கால் நொடிக்குள் முடிந்துவிடுகிறது. கோல் பந்தைத் தொட்டிருக்கும் நேரமோ ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் தோளுக்கு ஆணையிட்டுத் திருத்த மூளைக்கு நேரமில்லை.

அப்படியானால் தோளின் தசைகள் என்னதான் செய்கின்றன? இதை அளந்தவர் ஃபிராங்க் ஜோப் என்னும் அறுவை மருத்துவர். 1974இல் டாமி ஜான் என்ற பேஸ்பால் வீரரின் முழங்கைத் தசைநாரைப் புதிதாக அமைத்துப் புகழ்பெற்றவர். அவரும் உடனுழைத்தோரும் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்களின் தோள்தசைகளுக்குள் மெல்லிய மின்கம்பிகளைச் செலுத்தி, அதிவேகப் படப்பிடிப்போடு இணைத்து, ஒவ்வொரு தசையும் எப்போது எவ்வளவு இயங்குகிறது என்று பதிவு செய்தனர். முடிவுகள் 1986இல் வெளியாயின.

தோளின் வெளியே உருண்டு திரண்டு தெரிவது டெல்டாய்ட் தசை. பயிற்சிக்கூடங்களில் இளைஞர்கள் வளர்ப்பதும், சிற்பி செதுக்குவதும், புலவர் மலை என்பதும் அதைத்தான். வீச்சில் அந்தத் தசை ஏறத்தாழ சும்மா இருந்தது. உழைத்தவை வேறு. தோள்பட்டை எலும்புக்கும் விலாக்கூட்டுக்கும் இடையே மறைந்து கிடக்கும் சப்ஸ்காபுலாரிஸ் என்னும் தசை மிகுதியாக இயங்கியது. மார்பின் பெக்டோரலிஸும் முதுகின் அகன்ற லாட்டிசிமஸும் கையைக் கீழ்நோக்கி இழுத்து வலிமை சேர்த்தன. மூட்டைச் சூழ்ந்த சிறு சுழற்றுத் தசைகள், கை எலும்பின் உருண்டைத் தலையை அதன் ஆழமற்ற குழியில் நிலைபெறச் செய்து காவல் காத்தன. 1989இல் பெண் ஆட்டக்காரர்களையும் ஆண்களையும் ஒப்பிட்டு அளந்தபோதும் இதே முறைமைதான் காணப்பட்டது.

ஜோன்ஸின் சொல் பாதி மெய்யாயிற்று: தோள் தலைவனன்று. ஹோகனின் சொல்லும் பாதி மெய்யாயிற்று: ஆற்றல் கீழிருந்து வரிசையாக ஏறி வருகிறது. ஆனால் தம் தோளுக்குள் மிகுதியாக உழைத்த தசையை இருவருமே உணர்ந்ததில்லை. உணரக்கூடிய இடத்தில் அது இல்லை. ஒரு கலையில் தேர்ந்தவர் தாம் செய்வதைப் பற்றிச் சொல்வது பொய்யாக இராது, முழுமையாகவும் இராது. இலக்கியம் பயில்வோருக்கு இது புதிய செய்தியன்று. கவிஞர் தம் கவிதைக்கு எழுதும் விளக்கத்தை நாம் எந்த அளவுக்கு ஏற்கிறோமோ அந்த அளவுக்கே இதையும் ஏற்க வேண்டும்.

*

கதை இங்கே நிறைவுற்றிருந்தால் நன்றாயிருக்கும். 1992இல் ஜிம் மெக்லீன் என்ற பயிற்சியாளர் ஓர் இதழ்க் கட்டுரையில், தோள் திரும்பும் கோணத்துக்கும் இடுப்பு திரும்பும் கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டை 'எக்ஸ் காரணி' என்று பெயரிட்டு எழுதினார். வேறுபாடு கூடக்கூடத் தூரம் கூடும் என்ற கருத்து விரைந்து பரவியது. இடுப்பைப் பூட்டிவை, குதிகாலைத் தரையில் அழுத்து, தோளை மட்டும் தொண்ணூறு பாகைக்கும் மேல் முறுக்கு என்று ஒரு தலைமுறை பயின்றது. பந்து நெடுந்தொலைவு பறந்தது. அந்த முறுக்கைத் தாங்கியது தோளன்று, கீழ் முதுகெலும்பு. தொழில்முறை ஆட்டக்காரர்களிடையே முதுகுவலி பெருவழக்காயிற்று. டைகர் உட்ஸ் பலமுறை முதுகில் அறுவை செய்துகொண்டு, 2017இல் முள்ளெலும்புகளை இணைக்கும் நிலைக்கே வந்தார். 2019இல் அவர் மீண்டும் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றதை உலகம் கொண்டாடியது. அந்த முதுகு அவரை அதற்கு எவ்வளவு விலை கேட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது.

திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பந்து மாறியபோதும் தண்டு மாறியபோதும் வீச்சு மாறியது. ஆனால் வீசும் மூட்டு மாறவில்லை. ஹிக்கரி தானே முறுகி, ஆடுபவர் உடல் அளவுக்கு மேல் முறுகாமல் காத்தது. எஃகு அந்தக் காவலை நீக்கியது. கருவி ஏற்க மறுத்த அளவுமீறலை உடல் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

தோளைத் திறம்படப் பயன்படுத்துவது எப்படி என்று இன்று ஒருவர் கேட்டால், இவ்வரலாறு தரும் விடை எளியது. தோளை உயர்த்தாதே, திருப்பு. காதருகே அது எழும்பினால் டிரபீசியஸ் தசை குறுக்கிடுகிறது என்று பொருள். இடது தோள் மோவாயின் கீழ் வந்து சேரட்டும், ஆனால் மார்பும் முதுகும் அதை அங்கே கொண்டுவரட்டும். கீழே வரும்போது பாதம் தொடங்கட்டும். தோள் தன் முறை வரும்வரை காத்திருக்கட்டும்.

வயது முதிர்ந்த மாணவர்களுக்கும் முதுகு நொந்தவர்களுக்கும் பயிற்சியாளர்கள் பலர் இப்போது கூடுதலாக ஒன்றைச் சொல்கிறார்கள். பின்வீச்சில் இடுப்பையும் திரும்ப விடுங்கள், இடது குதிகால் எழுந்தால் எழட்டும் என்கிறார்கள். கனத்த கோட்டு அணிந்து, முறுகும் மரத்தண்டைப் பிடித்து நின்ற பழைய ஸ்காட்லாந்துக்காரர் செய்ததும் அதுவே.